ஒதுக்கப்பட்டவர்களும் கிறிஸ்தவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பிலும் வாலிபர் கூட்டத்திலும் பல வருடங்களாக என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. கேட்டவர்களில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் உண்டு. கேட்டவர் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து, ஏனென்றால் நம் வீடுகளில் அதிகம் இருப்பது அதுதான்.

1. "ஒதுக்கப்பட்டவங்கன்னா யாரு? ஏழைங்க எல்லாருமா?"

ஏழ்மை வேறு, ஒதுக்கப்படுவது வேறு. சகேயு எரிகோவில் பெரிய பணக்காரர், ஆயக்காரருக்கெல்லாம், அதாவது வரி வசூலிப்பவர்களுக்கெல்லாம், தலைவர். ஆனாலும் மரியாதைப்பட்ட யாரும் அவர் வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டார்கள். சேர்ந்து உட்காரவும் சேர்ந்து சாப்பிடவும் ஊர் சம்மதிக்காத மனிதர்தான் ஒதுக்கப்பட்டவர். சுவிசேஷங்களில் தொழுநோயாளிகள், ஆயக்காரர், சமாரியர், பாவியென்று பேர் எடுத்த பெண்கள், பன்னிரண்டு வருடம் பெரும்பாடு (நிற்காத இரத்தப்போக்கு) இருந்த பெண், பிறவிக் குருடர் என்று இந்த வரிசை நீளுகிறது. நோய், தொழில், பிறப்பு, ஒழுக்கம் என ஊர் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் வைத்திருந்தது.

நம் ஊரில் அந்த வரிசையில் யாரென்று உங்களுக்கே தெரியும். சாதியால் தள்ளிவைக்கப்பட்டவர்கள், தொழுநோயோ எச்.ஐ.வி.யோ வந்தவர்கள், திருநங்கைகள், சிறையிலிருந்து திரும்பியவர்கள், மனநோயாளிகள், சாக்கடையில் இறங்கி வேலை செய்பவர்கள், சுபகாரியத்தில் ஓரமாக நிறுத்தப்படும் கைம்பெண்கள்.

2. "இயேசு குணமாக்கினார், சரி. அது அற்புதம். நம்மால முடியாதே, அப்புறம் நமக்கு அதுல என்ன பாடம்?"

மாற்கு 1:40-45ஐ மெதுவாகப் படியுங்கள். தொழுநோயாளி வந்து முழங்கால்படியிட்டு, "உமக்குச் சித்தமானால் என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும்" என்கிறார். முடியுமா என்று அவர் கேட்கவில்லை, மனசு இருக்கிறதா என்றுதான் கேட்கிறார். இயேசு மனதுருகி, கையை நீட்டி, அவரைத் தொட்டு, அப்புறம்தான் "எனக்குச் சித்தமுண்டு, சுத்தமாகு" என்கிறார். தொடும்போது அந்த உடம்பில் நோய் அப்படியே இருந்தது. குணமாக்கத் தொட வேண்டிய அவசியமே இல்லை. மத்தேயு 8-ல் இதே சம்பவத்துக்கு அடுத்ததாக, நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரனைப் பார்க்காமலேயே ஒரு வார்த்தையில் குணமாக்குகிறார். அப்படியானால் அந்தத் தொடுகை நோய்க்காக இல்லை, எத்தனையோ நாளாக ஒரு மனிதக் கையும் படாத அந்த மனிதருக்காக.

அடுத்து, "போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி" என்று அனுப்புகிறார். அன்றைய ஏற்பாட்டில் ஆலயக் குருவான ஆசாரியர் சுத்தமென்று சொன்னால்தான் அவர் வீடு திரும்ப முடியும், ஆலயத்துக்குப் போக முடியும். தோல் சரியானதோடு வேலை முடிந்துவிடவில்லை. ஊருக்குள் அவருடைய இடம் திரும்பக் கிடைக்க வேண்டும்.

45-ம் வசனத்தைப் பெரும்பாலும் யாரும் பிரசங்கிப்பதில்லை. செய்தி பரவியதால் இயேசு பட்டணத்துக்குள் வெளிப்படையாகப் போக முடியாமல் வெளியே வனாந்தரமான இடங்களில் தங்கினார். கூட்டம்தான் காரணம். ஆனாலும் சம்பவம் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். வெளியே இருந்தவர் உள்ளே போய்விட்டார், உள்ளே போக வேண்டியவர் வெளியே நிற்கிறார். அற்புதம் நம் கையில் இல்லை. தொடுவதும், திரும்பி வர வழி செய்வதும், அதனால் வரும் நஷ்டத்தை ஏற்றுக்கொள்வதும் நம்மால் முடியும்.

3. "லேவியராகமத்துல கடவுளே ஒதுக்கி வைக்கச் சொல்றாரே?"

சொல்கிறது உண்மைதான். லேவியராகமம் 13:45-46-ன்படி, குஷ்டம் உள்ளவர் கிழிந்த உடையோடு, "தீட்டு, தீட்டு" என்று தானே சத்தமிட்டுக்கொண்டு, பாளயத்துக்கு (மக்கள் கூடாரமிட்டிருந்த இடத்துக்கு) வெளியே தனியாகக் குடியிருக்க வேண்டும். படிக்கவே மனது கனக்கும் பகுதி அது. அங்கே சொல்லப்படுவது இன்றைய தொழுநோய் மட்டும் அல்ல. துணியிலும் வீட்டுச் சுவரிலும்கூட அந்தக் குஷ்டம் தோன்றும் என்று அதே பகுதி சொல்வதால், பலவிதத் தோல் நோய்களையும் பூஞ்சணம் போன்றவற்றையும் சேர்த்தே பேசுகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

ஆனால் 13-ஐ வாசித்து நிறுத்துகிறவர்கள் 14-ஐயும் வாசிக்க வேண்டும். அந்த முழு அதிகாரமும் திரும்பி வருவதைப் பற்றியது. நோயாளி வாசலில் வந்து காத்துக் கிடக்க வேண்டியதில்லை, ஆசாரியரே பாளயத்துக்கு வெளியே போய் அவரைப் பார்க்க வேண்டும். எட்டாம் நாளில் முழு உரிமையோடு உள்ளே வருகிறார். காணிக்கைக்கு வசதியில்லாத ஏழைக்குக் குறைந்த காணிக்கை போதும் என்று 21-ம் வசனம் சொல்கிறது. ஒதுக்குவதற்கு இந்த வசனங்களைக் கையில் எடுக்கிறவர்கள் திரும்பும் வழியை மட்டும் எப்போதும் விட்டுவிடுகிறார்கள்.

4. "இயேசு தொட்டார், சரி. நாங்க தொட்டா எங்களுக்கு வந்துடாதா?"

நேர்மையான கேள்வி. தொழுநோய் பாக்டீரியாவால் வருவது. நார்வே மருத்துவர் ஹான்சன் 1873-ல் அதைக் கண்டார். சாபமோ பரம்பரை வியாதியோ இல்லை. கை கொடுப்பதாலோ பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதாலோ தொற்றாது. சிகிச்சை எடுக்காத நோயாளியோடு நீண்ட காலம் நெருங்கி வாழ்ந்தால்தான் தொற்ற வாய்ப்பு, அப்போதும் பெரும்பாலானவர்களுக்கு உடம்பிலேயே எதிர்ப்பு சக்தி இருக்கிறது. 1980களின் தொடக்கத்திலிருந்து கூட்டு மருந்து சிகிச்சை இருக்கிறது. நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மாத்திரை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மருந்து தொடங்கியதுமே பிறருக்குத் தொற்றும் வாய்ப்பு போய்விடுகிறது. தோலில் உணர்ச்சியில்லாத, நிறம் மங்கிய தேமல் தெரிந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நோயைவிட நீண்ட காலம் நின்றது சட்டம். தொழுநோயாளிகளைப் பிடித்து அடைத்துவைக்க வழிசெய்த 1898-ம் வருடச் சட்டம் 2016-ல்தான் நீக்கப்பட்டது. துணைவருக்குத் தொழுநோய் என்பதைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற பிரிவு 2019-ல்தான் போனது. கிறிஸ்தவர்களுக்கான 1869-ம் வருட விவாகரத்துச் சட்டத்திலும் அந்தப் பிரிவு இருந்தது. தொழுநோயாளியைத் தொட்டவரைக் கும்பிடும் நமக்கான சட்டத்தில் அது 2019 வரை இருந்தது எனக்கு இன்னும் வேதனை.

5. "நம்ம ஊர்ல யாராவது இதை நிஜமா செஞ்சிருக்காங்களா? இல்ல, பிரசங்கத்துல மட்டும்தானா?"

செய்திருக்கிறார்கள். வேலூருக்கே போவோம். கொல்லிமலையில் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்த பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவைச் சிகிச்சை மருத்துவராக வந்தார். தொழுநோயில் விரல்கள் அழுகி விழுகின்றன என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பினார்கள். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளியான ஒல்லிப் பையன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். அவன் கையைப் பார்த்தால், விரல் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. வலி உணர்வு போனதுதான் விரல்கள் தேய்வதற்குக் காரணம் என்று பிராண்ட் கண்டுகொண்டார். இரவில் விரல் காணாமல் போவது எப்படி என்று காவலிருந்து பார்த்தபோது, தூங்குகிறவர்களின் உணர்ச்சியற்ற விரல்களை எலிகள் கடிப்பது தெரிந்தது. அப்புறம் நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுத்தார்கள். மடங்கிப்போன விரல்களை நல்ல தசைநாண்களை மாற்றிப் பொருத்தி நிமிர்த்தினார்கள், அந்தக் கைகள் மறுபடி வேலை செய்தன. 1955-ல் தொழுநோய்க்கென்றே வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் ஆராய்ச்சி மையம் வந்தது.

பிராண்டே சொன்ன இன்னொரு சம்பவம். புதிதாக வந்த நோயாளியின் தோளில் கை வைத்து, மொழிபெயர்ப்பாளர் மூலம் சிகிச்சையை விளக்கிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் குலுங்கி அழ ஆரம்பித்தார். ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்டபோது கிடைத்த பதில்: நீங்கள் தோளில் கை வைத்ததால் அழுகிறார், பல வருடங்களாக அவரை யாரும் தொட்டதில்லை.

மேரி வர்கீஸையும் சொல்லாமல் விடக் கூடாது. அதே கல்லூரியின் மருத்துவர். 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நோயாளியும் மருத்துவரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்திருந்த அந்த அறையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

6. "அப்ப சபை எப்பவுமே ஒதுக்கப்பட்டவங்க பக்கம்தான் இருந்துச்சா?"

இல்லை. இரண்டும் இருந்திருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் செசரியா நகரத்துக்கு வெளியே பேராயர் பசில் பெரிய மருத்துவ இல்லம் கட்டி, தொழுநோயாளிகளைத் தானே அரவணைத்தார். ஆனால் 1179-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச் சங்கமான மூன்றாம் லாத்தரன் சங்கம், தொழுநோயாளிகளுக்குத் தனிக் கோவில், தனிக் கல்லறை, தனிக் குரு என்று ஏற்பாடு செய்தது. வழிபாடே கிடைக்காதவர்களுக்கு வழிபாடு கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணமும் அதில் இருந்தது. ஆனாலும் பிரிவினைக்குச் சபையே ஒப்பம் வைத்ததாக ஆனது.

அசிசி பிரான்சிஸ் 1226-ல் இறப்பதற்குமுன் எழுதிவைத்த சாசனத்தில், தொழுநோயாளிகளைப் பார்ப்பதே ஒருகாலத்தில் தனக்குக் கசப்பாக இருந்தது, ஆண்டவரே தன்னை அவர்கள் நடுவே கொண்டுபோனார், கசப்பு இனிப்பாக மாறியது என்கிறார். 1873-ல் பெல்ஜியக் குரு தமியான் ஹவாய்த் தீவுகளில் மொலோக்காய்க்குப் போனார். அரசு தொழுநோயாளிகளைக் கொண்டுபோய் விட்டுவந்த தீபகற்பம் அது. அங்கே அவர்களோடு உண்டு, அவர்களுக்கு வீடும் கல்லறையும் அமைத்து, கடைசியில் அதே நோயால் 1889-ல் இறந்தார்.

7. "நாங்க வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஆசிரமத்துல சாப்பாடு போடறோம். அது போதாதா?"

நல்ல காரியம், நிறுத்த வேண்டாம். ஆனால் லூக்கா 14:12-14-ல் இயேசு சொல்வது அதைவிடக் கடினம். விருந்து பண்ணும்போது ஏழைகளையும் ஊனரையும் சப்பாணிகளையும் குருடரையும் உன் வீட்டுக்கு அழை என்கிறார். அங்கே போய்ப் போட்டுவிட்டு வருவது ஒன்று, இங்கே அழைத்து உட்காரவைப்பது வேறொன்று. உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை அந்த ஆசிரமத்தில் யாருக்காவது போயிருக்கிறதா?

யோவான் 4-ல் இன்னும் ஒரு படி மேலே போகிறார். யூதர்கள் சமாரியர்களோடு சம்பந்தம் வைத்துக்கொள்வதில்லை என்று யோவானே எழுதுகிறார். அப்படிப்பட்ட ஊரின் கிணற்றடியில், நடுமத்தியானத்தில், இயேசு ஒரு சமாரியப் பெண்ணிடம் "தாகத்துக்குத் தா" என்று கேட்கிறார். தண்ணீர் கொடுக்கும் இடத்தில் அவளை வைக்கிறார், கேட்கும் இடத்தில் தான் நிற்கிறார். அவள் பாத்திரத்துத் தண்ணீரை. தனி டம்ளர் வைத்த டீக்கடைகளைப் பார்த்த நமக்கு இந்த வசனம் வேறு எந்த நாட்டுக்காரரையும்விட நன்றாகப் புரிய வேண்டும். கொடுப்பது சுலபம். அவர்கள் சமைத்ததை அவர்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

8. "காசு கொடுத்தா குடிச்சிடுவாங்களே?"

சிலர் குடிக்கலாம். அப்படித் தோன்றினால் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள், மருந்துச் சீட்டைக் கடையில் கொடுத்து மருந்தாக வாங்கிக் கொடுங்கள். ஒரே ஆளைத் தினமும் அதே இடத்தில் பார்த்தால் பேரைக் கேளுங்கள், பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

9. "அவங்க தப்பால அவங்க கஷ்டப்படறாங்க. நாம ஏன் அதுல தலையிடணும்?"

சீஷர்களும் இதையே கேட்டார்கள். பிறவிக் குருடரைப் பார்த்து, இது இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்றார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9:3). துன்பத்தைப் பார்த்ததும் குற்றவாளியைத் தேடும் பழக்கத்தை அங்கேயே நிறுத்திவிடுகிறார். அதே அதிகாரத்தின் பின்பகுதி முக்கியம். பார்வை பெற்ற அந்த மனிதரை மதத் தலைவர்கள் வெளியே தள்ளுகிறார்கள். தள்ளினார்கள் என்று கேள்விப்பட்டதும் இயேசு அவரைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்.

உண்மையிலேயே தப்பு செய்தவராக இருந்தாலும்? சகேயு தப்பு செய்தவர்தான். இயேசு மரத்தடியில் நின்று, திருந்தினால் வருகிறேன் என்று சொல்லவில்லை. "சீக்கிரமாய் இறங்கிவா, இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்றார். பாதிச் சொத்து ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியதற்கு நாலத்தனை (நான்கு மடங்கு) என்ற வார்த்தை அதற்கப்புறம் வந்தது. திருந்துவது முதல், சேர்ப்பது பிறகு என்ற நம் வரிசைக்கு அங்கே ஆதாரம் கிடையாது.

10. "'இனிப் பாவஞ்செய்யாதே'ன்னும் சொன்னாரே. அதை மட்டும் ஏன் எல்லாரும் விட்டுடறீங்க?"

விட வேண்டாம், முழுவதையும் வாசிப்போம். யோவான் 8-ல் விபசாரத்தில் பிடிபட்டாள் என்று கொண்டுவந்த பெண்ணைச் சுற்றிக் கல்லோடு நின்றார்கள். "உங்களில் பாவமில்லாதவன் இவள்மேல் முதலாவது கல்லெறியக்கடவன்" என்றார் இயேசு. பெரியோர் முதல் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். தனியாக நின்றபோது, "நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை, நீ போ, இனிப் பாவஞ்செய்யாதே." கல் கீழே விழுந்த பிறகு, அவளுக்காகத் தன்னை ஆபத்தில் நிறுத்தியவர் சொன்ன வார்த்தை அது. கல்லைக் கையில் வைத்துக்கொண்டே அந்தக் கடைசி வரியைச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. கையும் களவுமாகப் பிடித்தோம் என்றார்கள், கூட இருந்த ஆண் எங்கே என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள். இந்தப் பகுதி மிகப் பழைய சில கையெழுத்துப் பிரதிகளில் இல்லை என்பது உண்மை. ஆனால் பாவியென்று பேரெடுத்த பெண்ணை லூக்கா 7-ல் இயேசு நடத்துவதும் இதே விதத்தில்தான்.

11. "அப்படிப்பட்டவங்களோட சாப்பிடவே கூடாதுன்னு பவுல் எழுதறாரே? 1 கொரிந்தியர் 5 படிச்சீங்களா?"

படித்தேன். அந்த அதிகாரத்திலேயே பவுல் தெளிவாகச் சொல்கிறார்: உலகத்திலுள்ள பாவிகளைப் பற்றி நான் எழுதவில்லை, அப்படியென்றால் நீங்கள் உலகத்தைவிட்டே போக வேண்டியிருக்குமே. சகோதரன் என்ற பேரோடு சபைக்குள் இருந்துகொண்டு, மற்றவர்களைக் கெடுத்து, அதைப் பற்றிக் கவலையும் படாதவரைத்தான் சொல்கிறார். அந்தப் பட்டியலில் பொருளாசைக்காரரும் கொள்ளைக்காரரும் இருக்கிறார்கள். பொருளாசைக்காக எந்தச் சபையாவது யாரையாவது விலக்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

2 கொரிந்தியர் 2:6-8-ல், சபை தண்டித்த ஒருவனைப் பற்றி, தண்டனை போதும், இனி அவனுக்கு மன்னித்து ஆறுதல் செய்யுங்கள், இல்லாவிட்டால் துக்கத்தில் அமிழ்ந்துபோவான் என்று எழுதுகிறார். 1 கொரிந்தியர் 5-ல் விலக்கச் சொன்ன அதே ஆளா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை, ஆனால் சபை ஒழுங்கின் நோக்கம் என்ன என்பதில் சந்தேகமில்லை. மத்தேயு 18:17-ஐயும் காட்டுவார்கள். கேளாவிட்டால் அவன் உனக்கு ஆயக்காரனைப்போல இருப்பானாக. சரி, இயேசு ஆயக்காரரை எப்படி நடத்தினார்? 9-ம் பதிலைப் பாருங்கள். இந்த வசனத்தை எழுதிய சுவிசேஷத்துக்குப் பேராயிருப்பவரே ஆயக்காரர்தான்.

12. "இயேசுவே ஒரு பொண்ணை நாய்க்குட்டின்னு சொன்னாரே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

இந்தக் கேள்வியைக் கோபத்தோடு கேட்டவர்கள் உண்டு, அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். மாற்கு 7:24-30. யூதரல்லாத சீரோபெனிக்கியப் பெண், மகளுக்காகக் கெஞ்சுகிறார். பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடுவது நல்லதல்ல என்கிறார் இயேசு. சோதிப்பதற்காகச் சொன்னார் என்பார்கள் சிலர், சீஷர்களின் மனதில் இருந்ததையே வெளியே சொல்லிக்காட்டினார் என்பார்கள் சிலர். எந்த விளக்கமும் அந்த வார்த்தையின் சூட்டை முழுவதும் ஆற்றிவிடாது.

நான் பார்ப்பது அந்தப் பெண்ணை. "மெய்தான் ஆண்டவரே, ஆகிலும்" என்று திருப்பிச் சொல்கிறாள். சிந்தும் துணிக்கை எங்களுக்கும் உண்டே என்கிறாள். அந்த வாதத்துக்கு இயேசு இணங்குகிறார். அவள் சொன்ன அந்த வார்த்தைக்காகவே மகள் சுகமானாள் என்கிறார். வாதத்தில் அவருக்குப் பதில் சொல்லி ஜெயித்தவள் என்று சுவிசேஷம் பதிந்துவைத்திருப்பது ஒதுக்கப்பட்ட இனத்து ஒரு தாயைத்தான். அடுத்து இயேசு போவது புற இனத்தார் வாழும் தெக்கப்போலி. அடுத்த அதிகாரத்தில் நாலாயிரம் பேர் திருப்தியாகச் சாப்பிட்டு, ஏழு கூடை மீதியாகிறது.

13. "'தரித்திரர் எப்போதும் உங்களிடத்தில் இருக்கிறார்கள்'னு அவரே சொல்லிட்டாரே. அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?"

மாற்கு 14:7-ல் அடுத்த வரி, உங்களுக்கு மனதிருக்கும்போதெல்லாம் அவர்களுக்கு நன்மை செய்யலாம் என்பது. அவர் நினைவுபடுத்துவது உபாகமம் 15:11-ஐ. எளியவர்கள் தேசத்தில் இல்லாமல் போகமாட்டார்கள், ஆகையால் உன் கையைத் தாராளமாய்த் திற என்பது அங்கே கட்டளை. இயேசு அதைச் சொன்னபோது எந்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்? பெத்தானியாவில், குஷ்டரோகி என்று பேர் நின்றுவிட்ட சீமோன் வீட்டில்.

14. "நம்ம சபையிலேயே சாதி பார்க்கறாங்களே. முதல்ல அதைச் சொல்லுங்க."

சொல்கிறேன். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். தொழுநோயாளிக்காகக் கண்ணீர் விடும் பிரசங்கம், தெருமுனையைத் தாண்டியிருக்கும் குடியிருப்பைப் பற்றி வாய் திறப்பதில்லை. பதினேழாம் நூற்றாண்டின் கத்தோலிக்க மதுரை மிஷனில் உயர்சாதியாருக்கு ஒரு குரு, தாழ்த்தப்பட்டவர்களுக்குப் பண்டாரசாமி என்று வேறொரு குரு. அப்புறம் தனி உட்காரும் இடம், திருவிருந்தில் யார் முதலில் என்ற சண்டை, தனிக் கல்லறை. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தையே சாதியால் பிரித்த சுவர் பல காலமாக விவாதப் பொருள். 2008 மார்ச்சில் எறையூரில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே சாதி மோதல், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். இந்தப் பக்கம் 1950-ம் வருட ஜனாதிபதி ஆணைப்படி, கிறிஸ்தவரானால் பட்டியல் சாதிக்கான உரிமை கிடையாது. சபைக்குள் சாதி உண்டு, சட்டத்தின் முன் இல்லை. தலித் கிறிஸ்தவர் இரண்டு பக்கமும் இழக்கிறார்.

வேதம் இதில் மழுப்பவே இல்லை. யாக்கோபு 2-ல் பொன்மோதிரக்காரருக்கு நல்ல இடம், கந்தை கட்டியவரிடம் "நீ அங்கே நில்லு" என்று சொல்வதைப் பாவம் என்றே எழுதியிருக்கிறது. கொரிந்துவில் வசதியானவர்கள் முதலில் சாப்பிட்டு முடித்துவிட, ஏழைகள் பசியோடு நின்றார்கள். அது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்றார் பவுல் (1 கொரிந்தியர் 11:20-22). யூதரல்லாத ரோமப் படை அதிகாரி கொர்நேலியு வீட்டில் நின்று பேதுரு, எந்த மனிதரையும் தீட்டுள்ளவரென்று நான் சொல்லக் கூடாதென்று தேவன் எனக்குக் காண்பித்தார் என்கிறார் (அப்போஸ்தலர் 10:28). கத்தோலிக்க ஆயர் பேரவையும் 2016-ல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் சாதிப் பாகுபாட்டைப் பாவமென்றே சொல்கிறது. காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. வரன் விளம்பரத்தில் "கிறிஸ்தவ" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சாதிப் பேர் போடுவதை நிறுத்தும் வரைக்கும் நாம் அதை நம்புகிறோம் என்று சொல்ல முடியாது.

15. "இதையெல்லாம் கிளறினா சபை ஒற்றுமை கெட்டுடும். மெதுவா மாறட்டுமே?"

அந்தியோகியாவில் பேதுரு புற இனத்தாரோடு சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொல்லவில்லை. எல்லார் முன்பாகவும், முகமுகமாய் எதிர்த்தேன் என்று எழுதுகிறார் (கலாத்தியர் 2:11-14). சுவிசேஷத்தின் சத்தியத்துக்கே விரோதமென்று அதைச் சொல்கிறார். பந்தியை விட்டு எழுந்த பேதுருதான் அங்கே ஒற்றுமையைக் கெடுத்தவர்.

இங்கேயும் ஒருமுறை அப்படி நடந்தது. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உறுதியாக, உடனே, முடிவாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே போனார்கள். அவர் வெளிநாட்டு அதிகாரத்தில் நின்று கட்டளையிட்ட விதத்தைப் பற்றிக் குறை சொல்லலாம். ஆனால் போனவர்களை எண்ணுகிற நாம், அதற்கு முந்தைய நூறு வருடத்துக்கும் மேலாகப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களை எண்ணுவதில்லை. மெதுவாக மாறட்டும் என்று சொல்கிறவர் எப்போதும் முன்வரிசையில் இருக்கிறவராகத்தான் இருக்கிறார்.

16. "திருநங்கை ஒருத்தங்க சபைக்கு வந்தா எங்க உட்காரச் சொல்றது?"

அவர்கள் எங்கே உட்கார விரும்புகிறார்களோ அங்கே. உபாகமம் 23:1 அண்ணகர்களை, அதாவது ஆண்மை நீக்கப்பட்டவர்களை, சபைக்கு வெளியே நிறுத்தியது. ஏசாயா 56:3-5-ல் கர்த்தர் அவர்களுக்குத் தம் ஆலயத்திலேயே இடமும், பிள்ளைகள் பெற்றவர்களுக்கு இருப்பதைவிட நல்ல பேரும் தருகிறேன் என்கிறார். அப்போஸ்தலர் 8-ல் எத்தியோப்பிய அண்ணகர், அதே ஏசாயாவை ரதத்தில் வாசித்துக்கொண்டே வருகிறார். "நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று கேட்கிறார். பிலிப்பு தடை எதையும் சொல்லாமல் அவரோடு தண்ணீரில் இறங்கினார். அன்றைய அண்ணகரும் இன்றைய திருநங்கையும் ஒன்றே அல்ல, ஆனால் உடம்பைக் காரணமாகக் காட்டி வாசலில் நிறுத்தப்பட்ட அனுபவம் ஒன்றுதான். எந்தப் பேரில் கூப்பிட வேண்டுமென்று கேட்டு, அந்தப் பேரிலேயே கூப்பிடுங்கள். மற்றக் கேள்விகளையெல்லாம் பழகிய பிறகு பேசலாம்.

17. "ஜெயில்ல இருந்து வந்தவரைச் சேர்த்தா, சண்டே ஸ்கூல் பிள்ளைங்க பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?"

சபைதான் பொறுப்பு, இதில் சமரசம் கிடையாது. குழந்தைகளிடம் குற்றம் செய்தவர் என்றால் குழந்தைகள் இருக்கும் இடத்தில் அவருக்கு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. தனியாக விடவும் கூடாது. அதை அவரிடமே நேராகச் சொல்ல வேண்டும். ஆராதனையில் இடம் கொடுப்பது வேறு, பொறுப்பைக் கையில் கொடுப்பது வேறு. பாதிக்கப்பட்டவர் அதே சபையில் இருந்தால் அவருடைய நிம்மதிதான் முதலில். குற்றம் செய்தவர் வேறு இடம் பார்க்கட்டும். மன்னித்துவிடு என்று பாதிக்கப்பட்டவரை நெருக்குவது இன்னொரு அநியாயம்.

மற்ற எல்லா வழக்குகளுக்கும் பிலேமோன் நிருபத்தைப் படியுங்கள், ஒரே அதிகாரம்தான். ஓடிப்போன அடிமை ஒநேசிமுவைப் பவுல் திருப்பி அனுப்புகிறார், இனி அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்கிறார். அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று தன் கையாலேயே எழுதிக் கொடுக்கிறார். விடுதலையாகி வருகிறவருக்கு வாடகை வீடு கிடைக்காது, வேலை கிடைக்காது. சிபாரிசுக் கடிதத்தில் தன் பேரைப் போட்டு, முன்பணத்துக்குப் பொறுப்பேற்கும் ஒரு ஆள் அவருக்கு வேண்டும்.

18. "நான்தான் அந்த ஒதுக்கப்பட்ட ஆள். உங்க சபைக்கு வரலாமா?"

இதைப் பெரும்பாலும் போனில், பேர் சொல்லாமல் கேட்கிறார்கள். வரலாம். எல்லோரும் நன்றாக நடத்துவார்கள் என்று நான் உறுதி கொடுக்க முடியாது. 14-ம் பதிலைப் படித்திருந்தால் காரணம் புரியும். பன்னிரண்டு வருடம் பெரும்பாடு இருந்த பெண் கூட்டத்துக்குள் மறைந்து வந்து வஸ்திரத்தை மட்டும் தொட்டுவிட்டுப் போகப் பார்த்தார். இயேசு நின்று, அவரைத் தேடி, எல்லார் காதிலும் விழும்படி "மகளே" என்று கூப்பிட்டார். அந்த வார்த்தை உங்களுக்கும் உரியது. எங்களில் யாராவது முகம் சுளித்தால், அந்த முகத்தை அவருடைய முகமென்று நினைத்துவிடாதீர்கள்.

தனியாக வரத் தயக்கமாக இருந்தால் முந்தின நாளே சொல்லுங்கள். வாசலில் காத்திருந்து கூட்டிக்கொண்டு போக, பக்கத்தில் உட்கார ஆள் இருக்கும். ஆராதனை முடிந்ததும் ஓடிவிடாதீர்கள், டீயும் பிஸ்கட்டும் உண்டு. எல்லோருக்கும் ஒரே டம்ளர்கள்தான்.